ஜோடியா வாங்கிக்கங்கண்ணா

அக்கா மகளுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள். முதலில் நாய் கேட்டாள். வாடகை வீடு, ஹவுஸ் ஓனர் மாடியிலேயே இருக்கிறார், முடியாது. பூனை கேட்டாள். அக்காவுக்கு வீசிங். பேரம் படிந்து படிந்து கடைசியில் ஹாம்ஸ்டரில் வந்து நின்றது. மாமா என்கிற முறையில் செலவு என்னுடையது.

கோடம்பாக்கத்தில் ஆற்காடு சாலையை மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து மறைத்திருந்த சமயம் அது. தகரத்துக்கும் கடைகளுக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கலாம். அந்தச் சந்திலிருந்து ஒரு கண்ணாடிக் கதவைத் தள்ளினால் உள்ளே வேறு ஊர். ஏசி. தரையில் ஒரு முடி கிடையாது. சுவரில் சிரிக்கும் நாய் போஸ்டர். பல இடங்களில் கிளை வைத்திருக்கிற கடை, அதனால் ஊழியர்கள் எல்லாருக்கும் ஒரே நிற டீ-ஷர்ட். எங்களிடம் வந்த பையனுக்கு இருபது வயதிருக்கும். ரொம்பப் பணிவு.

"ஒண்ணு மட்டும் வாங்காதீங்கண்ணா. தனியா இருந்தா டிப்ரஷன் வந்துடும். ஜோடியா வாங்கிக்கங்க."

வாங்கினோம். கூண்டு, சக்கரம், மரத்தூள், ஒரு பாக்கெட் தீனி எல்லாம் சேர்த்துத்தான். பதினெட்டாம் நாள் காலையில் ஒன்று இன்னொன்றின் முகத்தைக் கடித்துக் குதறியிருந்தது. காது இருந்த இடத்தில் காது இல்லை. பாப்பா ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் ஒரு நிமிஷம்தான் பார்த்தார். "இது சிரியன் ஹாம்ஸ்டர். ரெண்டை ஒரே கூண்டுல வெக்கவே கூடாதே. யாரு சொன்னா உங்களுக்கு?" சாயங்காலம் அது செத்துப்போனது.

யார் சொன்னார்கள்? பையன் சொன்னான். பையனுக்கு யார் சொன்னார்கள்? ஒரு உயிரை விற்கிறவனுக்கு அந்த உயிரைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று இந்த ஊரில் எப்போதாவது யாராவது கேட்டிருக்கிறார்களா? கோபத்தில்தான் தேட ஆரம்பித்தேன். தேடத் தேடக் கோபம் இடம் மாறிக்கொண்டே போனது.

*

முதலில் செத்துப்போனதன் பூர்வீகம்.

1930-இல் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டி, பல அடி ஆழத்தில் இருந்த வளையிலிருந்து ஒரு தாய் ஹாம்ஸ்டரையும் அதன் குட்டிகளையும் எடுத்தார் இஸ்ரேல் அஹரோனி. ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விலங்கியலாளர். இன்று உலகம் முழுக்க வீடுகளில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும் சிரியன் ஹாம்ஸ்டர்கள் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஒரு வளையின் வாரிசுகள். கோடம்பாக்கத்தில் நான் வாங்கிய ரெண்டும்தான்.

எதற்காகத் தோண்டினார்கள்? சால் ஆட்லர் என்கிற ஒட்டுண்ணி ஆய்வாளருக்கு லீஷ்மேனியா நோயை ஆராய ஒரு சின்ன விலங்கு தேவைப்பட்டது. அந்த நோயின் கொடிய வடிவத்தைத்தான் நம் நாட்டில் காலா அசார் என்கிறோம். அதை உண்டாக்கும் கிருமியின் பெயர் லீஷ்மேனியா டோனோவானி. அந்த டோனோவன் நம்ம ஊர் டாக்டர். சார்லஸ் டோனோவன் 1903-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் வேலை பார்த்தபோது அந்தக் கிருமியைக் கண்டார். பிறகு ராயப்பேட்டை மருத்துவமனைக்குப் பொறுப்பாளராக இருந்தவரும் அவரே. சென்னையில் பெயர் வாங்கிய கிருமிக்காக அலெப்போவில் தோண்டிய பிராணி, தொண்ணூறு வருஷம் கழித்து ஆற்காடு சாலைக்கு வந்து செத்திருக்கிறது.

இதில் எனக்கு உறைத்தது வேறொரு விஷயம். பிடிபட்ட உடனேயே, அந்த முதல் தாய் தன் குட்டிகளில் ஒன்றைக் கடித்துக் கொன்றது. மிச்சத்தைக் காப்பாற்றத் தாயைப் பிரிக்க வேண்டியிருந்தது. அதாவது இந்தப் பிராணியைப் பற்றி மனிதர்கள் முதல் நாளிலேயே தெரிந்துகொண்ட சேதி, சேர்த்து வைத்தால் கொல்லும் என்பதுதான். அது ஒன்றும் ரகசியமில்லை. வளர்ப்பு பற்றிய எந்தப் புத்தகத்திலும் முதல் பக்கத்திலேயே இருக்கும். அலெப்போவிலிருந்து இவ்வளவு தூரம் பிராணி வந்து சேர்ந்திருக்கிறது. கூடவே வர வேண்டிய அந்த ஒரு வரி மட்டும் வழியில் எங்கேயோ இறங்கிக்கொண்டது.

*

சென்னையில் செல்லப்பிராணி வாங்குவது என்றால் ஒரு காலத்தில் ஒரே அர்த்தம்தான்: மூர் மார்க்கெட். நகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்டி, 1900-இல் திறக்கப்பட்ட சிவப்புக் கட்டடம். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, திருட்டுச் சாமான் என்று எல்லாரும் ஏங்கி எழுதிய இடம் அது. அதே வளாகத்தில்தான் புறா, கிளி, முயல், வெள்ளெலி, நாய்க்குட்டி விற்கும் கடைகளும் இருந்தன. பக்கத்திலேயே, பீப்பிள்ஸ் பார்க்கில், மிருகக்காட்சி சாலை. 1855-இல் எழும்பூர் மியூசியத்தில் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கியது பிறகு அங்கே இடம் மாறியிருந்தது. மியூசியத்துக்குச் செத்த காலேஜ், மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ் என்று பெயர் வைத்த ஊர் இது. உயிர் காலேஜைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மூர் மார்க்கெட்டில் ஒரு உயிரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

அப்பா அங்கே பறவை வாங்கப் போன கதையை நான் நூறு முறை கேட்டிருக்கிறேன். எழுபதுகளின் நடுவில். கோடம்பாக்கத்தில் ரயில் ஏறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்குவதற்காகப் போயிருக்கிறார். (ஒரு விஷயம்: நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, வேறு பறவை. ஐம்பது வருஷமாக ஊரே தப்பான பெயர் சொல்லித்தான் வாங்கிக்கொண்டிருக்கிறது.) கடையில் இருந்த பெரியவர், அப்பா அவரை பாய் என்றுதான் சொல்வார், விலை சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"கூண்டை எங்க மாட்டுவ?"

"சமையல்கட்டு ஜன்னல்ல பாய். அங்கதான் வெளிச்சம்."

"என்ன அடுப்பு?"

"ஸ்டவ்வு. கிருஷ்ணாயில்."

"அப்ப வேணாம். பொக பட்டா பொட்டுனு போயிடும். வேற எடம் பாத்துட்டு வா."

விற்கவில்லை. அப்பா வெறும் கையோடு திரும்பி வந்தார். பறவையின் நுரையீரல் புகைக்கு எவ்வளவு சீக்கிரம் பலியாகும் என்பது இன்று பறவை மருத்துவம் படிக்கிறவர்களுக்குப் பாடம். பாய்க்கு அது படிப்பு இல்லை, பழக்கம்.

அப்பா கதையை இங்கே முடித்திருந்தால் அழகாக இருக்கும். ஆனால் அவர் முடிக்க மாட்டார். திரும்பும்போது அதே கடையில் ஒரு குடும்பம் பச்சையும் சிவப்புமாகக் கலர் குருவி வாங்கிக்கொண்டிருந்ததாம். முனியாக் குருவிக்குச் சாயம் ஏற்றியது. முதல் மழையிலோ முதல் குளியலிலோ கலர் போய்விடும், பல நேரம் குருவியும் போய்விடும். பாய்க்கு அது தெரியாதா? பறவையைப் பற்றி எல்லாம் தெரிந்ததால்தான் எந்தச் சாயம் எத்தனை நாள் நிற்கும் என்பதும் தெரிந்தது. பழைய சந்தையைப் பற்றி உருகுகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே அறிவு இருந்தது. அது பறவையின் பக்கம் நிற்கிறதா கல்லாவின் பக்கம் நிற்கிறதா என்பது அன்றைக்கு வந்த ஆளைப் பொறுத்தது, பாயின் மூடைப் பொறுத்தது.

ஆனாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. பாயால் "வேணாம், போ" என்று சொல்ல முடிந்தது. கடை அவருடையது.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அதே வருடம் உயிர் காலேஜும் வண்டலூரில் புது மிருகக்காட்சி சாலையாகத் திறக்கப்பட்டது. புத்தகக் கடைகள் எங்கே போயின என்று நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பறவைக்காரர்கள் பிராட்வே பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் ஊரெங்கும் சிறு சிறு கடைகளுக்கும் சிதறினார்கள். 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் நம் நாட்டுப் பறவைகளின் வணிகத்தைக் குற்றமாக்கின. பச்சைக்கிளியும் முனியாவும் சாக்குப் பைக்குள் போயின. வெளிநாட்டுப் பறவைகள் கூண்டில் தொங்கின. பழக்கத்தில் வந்த அறிவும் அதோடு பாதி அறுந்தது. பாய்க்குத் தெரிந்தது முனியாவும் கிளியும். ஹாம்ஸ்டர் அல்ல.

*

கோடம்பாக்கம் என்றால் சினிமா. சினிமாவில் விலங்கு என்றால் சின்னப்பா தேவர். யானை, ஆடு, பாம்பு என்று நடிகர்களுக்குச் சமமாக விலங்குகளுக்கு வேஷம் கொடுத்தவர் அவர். 1971-இல் அவர் இந்தியில் எடுத்த 'ஹாத்தி மேரே சாத்தி' நாடு முழுக்க ஓடியது. அதையே அடுத்த வருஷம் எம்.ஜி.ஆரை வைத்துத் தமிழில் 'நல்ல நேரம்' ஆக்கினார். அந்த யானைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு விலங்கு என்பது சொன்னால் கேட்கும், அழுதால் அழும், வில்லனை அடிக்கும். பையன் சொன்ன டிப்ரஷனின் வேர் இங்கேயும் கொஞ்சம் இருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சினிமாவின் விலங்குகளுக்குச் சட்டம் சீக்கிரமே வந்தது என்பதுதான் வேடிக்கை. அந்தச் சட்டத்தின் கதையும் தென் சென்னையில்தான் தொடங்குகிறது. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குவதைத் தடுப்புக்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-இல் சட்டம் வந்தது. 1962-இல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர், தலைமையகம் சென்னை. அதற்குச் சற்று முன்பு, 1959-இல், தி. நகரில் மழைத் தண்ணீரில் தத்தளித்த நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்த விமானி கேப்டன் சுந்தரம் தன் குடும்பத்தோடு ப்ளூ கிராஸைத் தொடங்கியிருந்தார். அடையாறு, தி. நகர், பிறகு திருவான்மியூர். இந்தியாவின் விலங்கு நலன் ரொம்ப காலம் 5-பி பஸ் ரூட்டிலேயே நடந்துகொண்டிருந்த மாதிரி எனக்குத் தோன்றும்.

அந்த 1960 சட்டத்தில் வித்தை காட்டும் விலங்குகளுக்கென்றே ஒரு தனி அத்தியாயம் உண்டு. அதன்கீழ் 2001-இல் வந்த விதிகள்தான் இன்று நாம் படம் தொடங்கும்போது பார்க்கும் அறிவிப்புக்குக் காரணம்: எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை. ஒரு குதிரை திரையில் ஒரு நிமிஷம் ஓட வாரியத்தின் அனுமதி வேண்டும். வடபழனியில் படம் எடுக்கும் எந்த புரொடக்ஷன் மேனேஜரைக் கேட்டாலும் அந்தப் பேப்பருக்காக அலைந்த கதையைச் சொல்வார்.

அதே தெருவில் ஒரு நாய்க்குட்டி கண்ணாடிப் பெட்டிக்குள் ரெண்டு மாசம் உட்கார்ந்திருக்க? அதற்கென்று தனி விதி 2018 வரை இல்லை.

சட்டம் ஒன்றுமே சொல்லவில்லை என்றும் சொல்ல முடியாது. 11-ஆம் பிரிவைப் பொறுமையாகப் படித்தால் கடை அதற்குள் ஒளிந்திருக்கிறது. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது குற்றம். பட்டினியாலோ தாகத்தாலோ நெரிசலாலோ துன்பப்படும் விலங்கை விற்பனைக்கு வைப்பதும் குற்றம். முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960-இல் 50 ரூபாய் என்பது வலிக்கிற பணம். அந்தத் தொகை அப்படியே நின்றுவிட்டது. நான் ஹாம்ஸ்டருக்கு வாங்கிய மரத்தூள் பாக்கெட் அதைவிட விலை அதிகம்.

*

அறிவு இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று இந்த இடம் வரைக்கும் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். சைதாப்பேட்டை அந்த நம்பிக்கையைக் கலைத்தது.

கோடம்பாக்கத்திலிருந்து ரயிலில் ரெண்டாவது ஸ்டேஷன். டோனோவன் கிருமியைக் கண்ட அதே 1903-இல், அக்டோபர் 1 அன்று, சைதாப்பேட்டையில் டாபின் ஹால் என்கிற சின்னக் கட்டடத்தில்தான் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பிறகு வேப்பேரிக்குப் போனது. 1989-இல் அதை மையமாக வைத்து இந்தியாவின் முதல் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவானது. விலங்கைப் பற்றிய முறையான படிப்பு இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை.

அதே சைதாப்பேட்டையில் 1980-81 வாக்கில் தமிழக அரசின் கால்நடைத் துறை ஒரு நாய் இனப்பெருக்க மையம் தொடங்கியது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை மாதிரி நாட்டு இனங்களைக் காப்பாற்றுவது நோக்கம். குட்டிகளை அரசு விலைக்கு மக்களிடம் விற்றார்கள். யோசித்துப் பாருங்கள்: அரசாங்கமே நடத்துகிற நாய்க்குட்டிக் கடை. பட்டம் வாங்கிய கால்நடை மருத்துவர்கள் மேற்பார்வை. பாய்க்கு இல்லாத படிப்பு, பையனுக்கு இல்லாத அனுபவம், ரெண்டும் ஒரே இடத்தில்.

அந்த மையத்தை 2016-இன் கடைசியில் மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். விலங்குகள் நல வாரியத்தின் ஆய்வில் நாய்கள் இருந்த நிலை மோசம் என்று வந்திருந்தது. சில வாரங்களிலேயே மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் வெடித்தது. நாட்டு மாட்டுக்கு அடுத்து நாட்டு நாயையும் அழிக்கப் பார்க்கிறார்கள் என்று இந்த மூடலும் அந்தக் கோபத்தோடு சேர்ந்துகொண்டது. நாட்டு இனம் அழியக் கூடாது என்பது உண்மை. அதற்காக ஒரு ராஜபாளையம் நாய் குறுகலான கொட்டடியில் கிடக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. அந்த ஜனவரியில் ரெண்டாவது கேள்வியைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. எனக்கும்தான். நானும் மெரினாவில் இருந்தேன்.

நாய்களுக்கு என்ன தேவை என்று அங்கே யாருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தவர் சொல்லி இடம் மாற வேண்டும், பணம் வர வேண்டும், ஆள் வர வேண்டும். மூர் மார்க்கெட் பாய் அவரே முடிவெடுத்தார். மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் அரசாங்கத்தில் இருந்தாலும் கண்ணாடிக் கடையில் இருந்தாலும், அவருக்குத் தெரிந்தது அவரோடு நின்றுவிடுகிறது.

*

2015 ஆகஸ்டில் சட்ட ஆணையம் தன் 261-வது அறிக்கையை இந்த விஷயத்துக்கே ஒதுக்கியது: செல்லப்பிராணிக் கடைகளையும் நாய், அலங்கார மீன் வளர்ப்பையும் ஒழுங்குபடுத்த வேண்டும். 2017 மே மாதம் நாய் இனப்பெருக்கத்துக்கு விதிகள் வந்தன. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்பது அதில் முக்கியமானது. தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டிக்கு எதிர்ப்பு சக்தி குறைவு. பார்வோ வைரஸ் அடித்தால் ரத்தமாகப் பேதி போய் ரெண்டு மூணு நாளில் கதை முடிந்துவிடும். ஆனால் வாங்க வருகிறவர்களுக்குக் கைக்குள் அடங்கும் குட்டிதான் வேண்டும். பிரச்சினை அங்கே.

அதே மே மாதம் மீன் கடைகளுக்கும் விதிகள் வந்தன, கடல் மீன்களில் 158 வகைகளுக்குத் தடையோடு. கொளத்தூர் கொதித்தது. அலங்கார மீன் வளர்ப்பில் நாட்டிலேயே பெரிய மையங்களில் ஒன்று வடசென்னையின் கொளத்தூர். வீட்டுக்கு வீடு சிமென்ட் தொட்டி, பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு. எதிர்ப்பு கிளம்பி, அந்த வருடம் முடிவதற்குள் மீன் விதிகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் அபத்தமான பகுதிகள் இருந்தன என்பது சரி. ஆனால் கொளத்தூரில் நான் பேசிய ஒரு அம்மாவைப் போய்ப் பாருங்கள். புதுத் தொட்டியில் தண்ணீர் விட்டு வாரக்கணக்கில் சும்மா வைத்திருப்பார், சுவரில் பச்சை பிடிக்கும்வரை மீனே விட மாட்டார். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்று மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் குடியேற நாலைந்து வாரம் ஆகும் என்று புத்தகம் சொல்வதை அவர் கையால் செய்கிறார். நகரத்துக் கண்ணாடிக் கடையில் தொட்டி, மோட்டார், கூழாங்கல், மீன் எல்லாம் ஒரே பில்லில், ஒரே சாயங்காலத்தில் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வாரம் மீன் மிதக்கும். வாங்கினவர் மெட்ரோ வாட்டரைத் திட்டுவார்.

கடைசியாக 2018-இல் செல்லப்பிராணிக் கடைகளுக்கான விதிகள். ருக்மிணி தேவியின் சட்டத்திலிருந்து 58 வருடம். மாநில விலங்குகள் நல வாரியத்தில் கடை பதிவு செய்ய வேண்டும், கூண்டு இன்ன அளவு இருக்க வேண்டும், பதிவேடு வேண்டும். அதே 2018-இல்தான் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் தலைமையகம் சென்னையை விட்டு ஹரியானாவின் பல்லப்கருக்குப் போனது. கூண்டுக்கு அளவெடுத்த அந்த விதிகளில், கவுன்ட்டரில் நிற்கிறவர் இன்ன பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று ஒரு தேர்வோ சான்றிதழோ கிடையாது. கூண்டை டேப் வைத்து அளந்துவிடலாம். ஆளை எப்படி அளப்பது?

அளக்கிற ஊர்கள் இருக்கின்றன. ஜெர்மனியில் விலங்கு வணிகம் செய்ய, பொறுப்பில் இருப்பவர் தனக்கு அந்த விலங்குகளைப் பற்றித் தெரியும் என்று நிரூபித்தால்தான் அனுமதி. வாங்குபவருக்கு அந்த விலங்கின் தேவைகளை எழுத்தில் கொடுக்கவும் வேண்டும். இங்கிலாந்து 2018-இல் கொண்டுவந்த உரிம முறையில் ஊழியரின் பயிற்சியும் தகுதியும் ஒரு கணக்கு. வேறு சில இடங்களில், சொல்லிக்கொடுத்துப் பிரயோஜனமில்லை என்று விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கா 1975-லேயே நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடுத்தது, குழந்தைகளுக்கு சால்மோனெல்லா பரவியதால். நம் கடைகளில் இன்றைக்கும் ரூபாய்க் காசு அளவில் சிவப்புக் காது ஆமை கிடைக்கிறது. இதுக்கு மேல வளராதுண்ணா என்பார்கள். சாப்பாட்டுத் தட்டளவுக்கு வளரும், இருபது முப்பது வருஷம் வாழும். அப்புறம் ஒருநாள் ராத்திரி அதைக் கோயில் குளத்தில் விட்டுவிட்டு வருவோம், புண்ணியம் என்று. பிரான்ஸில் 2024-லிருந்து கடைகளில் நாயும் பூனையும் விற்கக் கூடாது. நம் ஊரிலும் சில சங்கிலிக் கடைகள் உயிரையே விற்பதில்லை. தீனி, ஷாம்பு, முடிவெட்டு, அவ்வளவுதான். அவர்கள் அதை இரக்கத்தால் செய்கிறார்களா லாபத்தால் செய்கிறார்களா என்று எனக்குக் கவலையில்லை. தீனி செத்துப்போகாது.

*

இவ்வளவும் படித்துவிட்டு மறுபடியும் அந்தக் கடைக்குப் போனேன். சண்டை போடும் எண்ணம் போயிருந்தது. மத்தியான நேரம், கடையில் ஆளில்லை. பையனுக்கு என்னை ஞாபகம் இருந்தது.

"எப்படிண்ணா இருக்கு ரெண்டும்?"

சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது. அது நடிப்பில்லை.

தம்பி, உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தாங்க என்று கேட்டேன். திருவண்ணாமலைப் பக்கம் ஊர். அதற்கு முன்னால் செல்போன் கவர் விற்கும் கடையில் இருந்திருக்கிறான். இங்கே சேர்ந்தபோது ரெண்டு நாள் டிரெயினிங். பில் போடுவது, மெம்பர்ஷிப் கார்டு, எந்தத் தீனிக்கு எந்த ஆஃபர், வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது. விலங்கு? கூண்டு கழுவுவது எப்படி என்று சொன்னார்கள். மிச்சமெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

"ஜோடியா குடுன்னு மேனேஜர் சொன்னாருண்ணா. அவருக்கு சப்ளை பண்றவங்க சொன்னாங்களாம்."

"டிப்ரஷன்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது நானா சொல்றதுண்ணா. சாலிகிராமத்துல ரூம்ல தனியாத்தான் இருக்கேன். அதுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

ஒரு ஹாம்ஸ்டர் வளர்ந்த பிறகு தனியாகத்தான் இருக்கும், அதற்குத் துணை வேண்டாம், துணை என்றால் எதிரி என்று சொன்னேன். சென்னை வெயிலில் அதை வெளியே வைக்கக் கூடாது, அது ஆழத்தில் குளிர்ச்சியான வளையில் வாழ்ந்த ஜாதி என்றேன். பகலில் எழுப்பிக் காட்டாதே, அது ராத்திரிப் பிராணி. அவன் பில் பேப்பரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். நான் பேச்சை நிறுத்தியபோது அவன் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே கண்ணாடிப் பெட்டியில் ஆறு ஹாம்ஸ்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. குட்டிகள் இல்லை, வளர்ந்தவை.

"அப்ப இதெல்லாம் பிரிக்கணுமாண்ணா?"

"ஆமா."

"ஆறு பெட்டி வேணும்."

கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். ஸ்டாக்கில் இருந்த கூண்டுகளில் விலை ஒட்டியிருந்தது.

"மேனேஜர் சாப்பிடப் போயிருக்காரு. வந்ததும் கேக்கறேன்."

நான் வெளியே வந்து தகரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அவன் ஷெல்ஃபில் விலை ஒட்டாத ஏதாவது கிடைக்குமா என்று அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.